செண்பகவல்லியின் வெளிச்சத்துக்கு ஒரு நிறம்

தென்காசியில், பெரிய கோயிலுக்குக் கிழக்கே நாலைந்து வளைவு தாண்டினால் வருகிற கீழப் புதுத்தெருவில், ஆவுடையப்பன் வீட்டுப் பின்னறைக்கு ஒரு புரட்டாசி மாதத்தில் காலை வராமல் போனது. தெருவுக்கு வந்தது, அடுப்படிக்கு வந்தது, கொடியில் கிடந்த துணிகளுக்கு வந்தது. கிழக்கே பார்த்த அந்த அறையின் ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து, உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற விருந்தாளி மாதிரி வெளியிலேயே நின்றுகொண்டது. ஆவுடையப்பன் ஜன்னல் கதவை இன்னும் அகலத் திறந்தான். திரையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். டியூப் லைட்டைப் போட்டான். லைட் எரிந்தது, ஆனால் தன்னை மட்டும் காட்டிக்கொண்டு எரிந்தது. அதன் கீழே கட்டிலும் பீரோவும் இருட்டிலேயே நின்றன. ஏழு வயது மகள் கோமதி எழுந்து உட்கார்ந்து, ஒரு கொட்டாவி விட்டு, "இன்னும் விடியல்லியேப்பா" என்று மறுபடி படுத்துக்கொண்டாள். பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

பகல் பதினோரு மணி வாக்கில், தெருவில் தார் இளகுகிற நேரத்தில், அந்த அறைக்குள் மெல்ல விடிந்தது. நம் ஊர் விடியல் மாதிரி சட்டென்று கதவைத் தள்ளிக்கொண்டு வரவில்லை. தண்ணீர் கலந்த பால் மாதிரி, சூடில்லாமல், நிழல் போடாமல், சாய்வாக வந்து தரையில் உட்கார்ந்தது. அதே நேரம் ஆவுடையப்பனின் போன் அடித்தது.

"என்னங்க, இப்பத்தான் இங்க விடியுது" என்றாள் செண்பகவல்லி. "ஜன்னலத் தொறந்தேன். எதுத்தாப்புல மலை தெரியுது. தலையில வெள்ளையா வேட்டி கட்டின மாதிரி."

ஆவுடையப்பன் அறையைப் பார்த்தான். "ஆமா, விடியுது" என்றான்.

செண்பகவல்லி நர்ஸ். ரெண்டு வருஷம், வீட்டு வேலையும் ஆஸ்பத்திரி வேலையும் போக மிச்சமிருந்த நேரத்தில் எல்லாம் நார்வேக்காரர்களின் பாஷையைப் படித்து, குளிக்கும்போதுகூட அதில் எண்ணிக்கை சொல்லிப் பழகி, பரீட்சை எழுதி, அந்த நாட்டின் வடக்கு விளிம்பில் வாயில் நுழையாத பெயருள்ள ஓர் ஊரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லத்தில் வேலை வாங்கியிருந்தாள். யாரும் தள்ளிவிட்டுப் போகவில்லை. தானே ஆசைப்பட்டுப் போனாள். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிற ஆவுடையப்பன், அதே வண்டியில் அவளையும் ரெண்டு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் விமான நிலையம் வரைக்கும் போய் விட்டுவிட்டு வந்தான். தெருவில் சிலர் சிரித்தார்கள். புருஷன் போவான், பெண்டாட்டி இருப்பாள், அதுதானே பார்த்த பழக்கம். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவள் போன பின்னால் அவள் பக்கத்துத் தலையணையை மட்டும் வெயிலில் காயப்போடாமல் வைத்திருந்தான்.

அவள் அங்கே போய்ச் சேர்ந்து, ஒரு வீட்டு மாடியில் அறை பிடித்துத் தங்கின நாளிலிருந்து, அந்த அறையின் வெளிச்சம் இந்த அறைக்கு வந்துகொண்டிருந்தது. அவள் ஜன்னல் திரையை இழுத்தால் இங்கே மங்கியது. அவள் விளக்கைப் போட்டால் இங்கே கட்டில் தலைமாட்டில் ஒரு வட்டம் விழுந்தது. அங்கே மேகம் போனால் இங்கே பீரோக் கண்ணாடியில் அது தெரியாமல் தெரிந்தது.

பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவிதான் முதலில் வந்து பார்த்தாள். கையில் அரிவாள்மனையோடு வந்தவள், வாசல்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, குளுகுளுன்னு இருட்டு வச்சிருக்க" என்றாள். விவரம் சொன்னதும், "செண்பகம் ஊரு வெளிச்சமா? சரிதான். அவ சும்மா இருக்க மாட்டாளே, எதையாச்சும் அனுப்பிக்கிட்டேதான் இருப்பா" என்று சொல்லிவிட்டு, வந்த காரியமான கறிவேப்பிலையைப் பறித்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் காலையில் தன் புருஷன் மைதீனை ஒரு பாயோடு அனுப்பி வைத்தாள். மைதீன் பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடையில் ராத்திரி முழுக்கக் கல்லுக்கு முன்னால் நிற்கிறவர். தகரக் கூரைக்கடியில் பகலில் தூக்கம் பிடிக்காமல் வருஷக் கணக்காகக் கண் சிவந்து திரிந்தவர். அந்த அறைக்குள் பாயை விரித்துப் படுத்தார். நார்வேயில் விடிகிற வரைக்கும் குறட்டை விட்டார். எழுந்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் பத்து வயசு குறைந்திருந்ததை ரஹ்மத் பீவியே பார்த்துவிட்டு, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். கண் ஆபரேஷன் செய்துகொண்டு லீவில் இருந்த போஸ்ட்மேன் கைலாசம், பச்சைக் கண்ணாடியோடு அந்த அறையில் வந்து உட்கார்ந்து, வெளிச்சம் கண்ணைக் குத்தாத ஒரே இடம் தென்காசியில் இதுதான் என்றார். பூக்கட்டுகிறவர்கள் பிச்சி மொட்டைக் கூடையோடு கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தார்கள். அந்த இருட்டின் குளுமையில் மொட்டு விரியாமல் தாமதித்தது, சாயங்காலம் நல்ல விலைக்குப் போனது. தூங்க மறுக்கிற கைக்குழந்தைகளைக் காலையில் அங்கே கொண்டுவந்து கிடத்தினார்கள். கொஞ்ச நாளில் தெருவே ரெண்டு பொழுதையும் ஒரே மடியில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டது. பால்காரருக்குக்கூட ஆவுடையப்பன் வீட்டில் முன்வாசலில் காலை, பின்னறையில் நடுச்சாமம் என்பது வாடிக்கையாகிவிட்டது.

ஆவுடையப்பனின் அக்கா இசக்கியம்மாள் மட்டும் சமாதானமாகவில்லை. ரெண்டு தெரு தள்ளி இருந்தவள், தம்பிக்கும் கோமதிக்கும் தினமும் குழம்பு கொண்டுவருவாள். வரும்போதெல்லாம் பின்னறை வாசலில் நின்று முகத்தைச் சுளிப்பாள்.

"பிள்ளையப் பெத்தவள அவ்வளவு தூரம் ஏத்தி அனுப்பினா வீடு இருளாமே என்ன செய்யும்? வரச் சொல்லுடா அவள."

"அவ ஆசப்பட்டுப் போயிருக்காக்கா."

"ஆச எத்தன நாளைக்கு? பாரு, வெளிச்சம் நாளுக்கு நாள் குறைஞ்சிக்கிட்டே வருது."

அது உண்மை. ஐப்பசியில் பகல் ஒரு மணிக்கு விடிந்து பொழுது சாய்ந்த கையோடு இருட்டியது. கார்த்திகை பாதியில் சூரியன் வருவதையே நிறுத்திவிட்டது. அந்த ஊரில் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் என்று செண்பகவல்லி முன்னாலேயே சொல்லியிருந்தாள். சூரியன் மலைக்கு அந்தப் பக்கமே நடந்து போய்விடுமாம், அதன் சாயல் மட்டும் கொஞ்ச நேரம் வானத்தில் ஒட்டியிருக்குமாம். அந்தச் சாயல் நமக்கு மூணு மணி வாக்கில் பின்னறைக்கு வந்தது. நீலம். மயில் நீலமில்லை, வான நீலமில்லை. சொட்டு நீலம் கரைத்த வாளித் தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் தெரிகிற நீலம். நம் விளக்கேற்றும் நேரத்தோடு அதுவும் போய்விடும். முதல் வாரம் தெருப் பெண்கள் அந்த நீலத்தில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டார்கள். அப்புறம் அவர்களே, என்னவோ மனசைப் பிசையுது என்று எழுந்து போனார்கள்.

இந்த நாட்களில்தான் ஆவுடையப்பனுக்கு ஒன்று புரிந்தது. காலை ஏழு மணிக்கு அவன் கோமதிக்குத் தலை சீவும்போது தலைமாட்டு விளக்கு வட்டம் எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது ராத்திரி ரெண்டரை. மறுநாளும் எரிந்தது. அதற்கு மறுநாளும். போனில் கேட்டால், "நல்லாருக்கேன், தூங்கினேன்" என்றாள். பிறகு அவளுடைய லீவு நாள் ரெண்டிலும் விளக்கே எரியவில்லை, மூணு மணி நீலமும் வரவில்லை. அவள் திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. மைதீன் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்து, "ஆவுடையப்பா, இன்னிக்கி இருட்டு வேற மாதிரி இருக்குப்பா. படுக்க முடியல" என்றார்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆவுடையப்பன் போன் செய்தான்.

"செண்பா, பொய் சொல்லாத. வெளிச்சம் எங்கிட்ட சொல்லுதுல்லா."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள். வேலையில் குறை இல்லை. கிழவர்களும் கிழவிகளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். அறைக்குத் திரும்பினால்தான். அந்த நாலு சுவரும் சாம்பல் நிறம். நீலம் வந்து அதில் பட்டதும் சுவர் எல்லாம் செத்துப்போன மாதிரி ஆகிவிடுகிறது. விளக்குப் போட்டால் அந்தச் சாம்பல் மஞ்சளையும் தின்றுவிடுகிறது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. லீவு நாளில் எழுந்திருக்கவே முடியவில்லை.

"வந்துரு..." என்று ஆரம்பித்தான்.

"அதச் சொல்லாதீங்க" என்றாள் அவள் அவசரமாக. "நீங்க வான்னு சொன்னா வந்துருவேன். வந்தா அப்புறம் எனக்கு என்னையப் பிடிக்காது."

அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டு வேறு ஒன்று கேட்டான்.

"செவுத்துக்கு வேற பெயின்ட் அடிக்க விடுவாங்களா?"

"வீட்டுக்காரம்மா நல்ல மனுஷி, கேட்டாச்சு. இங்க கடையில போயி வெள்ள ஒரு டப்பா வாங்கி ஒரு ஓரத்துல அடிச்சுப் பாத்தேன். ஐஸ் பெட்டிக்குள்ள இருக்க மாதிரி ஆயிருச்சு. அடுத்தாப்புல ஒரு மஞ்ச. கடையில எலுமிச்சம்பழமா இருந்துச்சு, செவுத்துல பித்தமா ஆயிருச்சு. எனக்கு இனிமே தெம்பில்லங்க."

"நீ ஒண்ணும் அடிக்காத" என்றான் ஆவுடையப்பன். "உன் வெளிச்சம் முழுக்க இங்கதான இருக்கு. நான் பாத்துச் சொல்லுதேன். நீ ஒண்ணு மட்டும் செய்யி. திரையத் தொறந்து வையி. கஷ்டமா இருந்தாலும் தொறந்து வையி."

அன்றைக்கு மூணு மணிக்கு நீலம் வந்தது.

தெரு முனையில் பெயின்ட் கடை வைத்திருந்த தங்கபுஷ்பம், ஷேடு கார்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானே வந்தாள். கடையில் அவள் பார்க்கிற சோலி எல்லாம் வெயிலுக்கு ஏற்ற நிறம்தான். மேற்கே பார்த்த அறை என்றால் பச்சை, தெற்கே பார்த்த ஹால் என்றால் சந்தனம், இப்படிச் சொல்லி விற்றே பழக்கம். அந்த அறைக்குள் வந்து கார்டைப் பிரித்ததும் அவளுக்குக் கைகால் ஓடவில்லை. கார்டில் இருந்த சிவப்பு எல்லாம் கறுப்பாகியிருந்தன. ரோஸ் எல்லாம் ஊதாவாகியிருந்தன.

"அண்ணே, இது கார்டப் பாத்துச் சொல்ற கத இல்ல. செவுத்துலயே அடிச்சுத்தான் பாக்கணும்" என்றாள்.

கதை தெருவுக்குப் போயிற்று. செண்பகத்துக்கு நிறம் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனையோடு வந்தார்கள். மைதீன், வெள்ளை அடித்தால்தான் இருக்கிற வெளிச்சம் கூடும் என்றார். நார்வேயிலேயே தோற்றுப்போன வெள்ளை இங்கேயும் நீலத்தைக் குடித்துவிட்டு மீன் மார்க்கெட்டு ஐஸ் கட்டி மாதிரி நின்றது. அவள் சொன்ன எலுமிச்சை மஞ்சளும் இங்கே பித்தமாகவே நின்றது. ரஹ்மத் பீவி பிஸ்தாப் பச்சை என்றாள்; அது குளத்தடியில் பாசி பிடித்த படிக்கட்டாக மாறியது. தங்கபுஷ்பம் தன் கடையிலேயே அதிகம் போகிற சந்தனத்தைத் தைரியமாக அடித்தாள். அது நேற்றைய கஞ்சியின் நிறத்துக்குப் போயிற்று, அவளே மூக்கைச் சுளித்தாள். போஸ்ட்மேன் கைலாசம், ரோஸ் போட்டால் பெண்பிள்ளைக்கு சந்தோஷமாக இருக்கும் என்றார்; ரோஸ் அடிபட்டுக் கன்றிய இடமாக ஆயிற்று. கோமதி வாடாமல்லி வேண்டும் என்று அடம்பிடித்தாள். அதையும் ஒரு ஓரத்தில் அடித்தார்கள். அது இருட்டோடு இருட்டாகக் காணாமலே போய்விட்டது.

ஒவ்வொரு நாளும் மூணு மணிக்கு முன்னால் ஆட்கள் வந்து சுவரோரமாக உட்கார்ந்துகொள்வார்கள். நீலம் வரும். எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் கொஞ்சம் உயிரோடு இருக்கிற நிறம் பக்கச் சுவரில் செத்திருக்கும். நீலத்தில் தேறியது விளக்கு வட்டத்தில் தேறாது. செண்பகவல்லி வேலை முடிந்து வந்து விளக்குப் போடுகிற வரைக்கும் காத்திருந்து அதையும் பார்த்துவிட்டுத்தான் கலைந்து போவார்கள். அறை, பல ஊர் கொடிகளைச் சேர்த்துத் தைத்த மாதிரி ஆகிவிட்டது. நிறம் மட்டும் கிடைக்கவில்லை. சண்டை கிடைத்தது. தன் பச்சையைக் குறை சொன்ன கைலாசத்தோடு ரஹ்மத் பீவி ரெண்டு நாள் பேசவில்லை.

அப்படி ஒரு நாள் இசக்கியம்மாள் குழம்புத் தூக்குவாளியோடு வந்தாள். வாசலில் அத்தனை செருப்பைப் பார்த்ததுமே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏல, என்ன கூத்து இது? அங்க ஒருத்தி கண்ணுல தூக்கமில்லாமே கெடக்கா, நீங்க இங்க செவுத்தக் கிறுக்கி விளையாடுதியளா?"

அவள் உள்ளே வந்தாள். முதல் தடவையாக வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் கோமதி, கஞ்சிநிறமாகிப்போன சந்தனப் பட்டைக்கு முன்னால், புத்தகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். இசக்கியம்மாள் பிள்ளையையே பார்த்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"முந்தாநாள் வீடியோல பேசினா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "மதினி, நல்லாருக்கேன்னா. பூசணிக்காய்ல சாம்பல் பூத்திருக்குமே, அப்படி இருந்துச்சு அவ முகம். இந்தா, இந்தப் பிள்ள முகமும் இப்ப அப்படித்தான் இருக்கு. ஒரே தோலு, ஒரே முகம், பெத்தவளுக்கும் பிள்ளைக்கும். நீங்க எல்லாரும் செவுத்தையே பாக்கியளே, செவுத்துக்கு முன்னால நிக்கிற ஆள ஒருத்தராச்சும் பாத்தியளா?"

தங்கபுஷ்பம்தான் எழுந்தாள். கோமதியின் தோளைப் பிடித்து ஒவ்வொரு பட்டைக்கும் முன்னால் நிறுத்தினாள். வெள்ளைக்கு முன்னால் பிள்ளை கரிக்கட்டையாக இருந்தாள். பச்சைக்கு முன்னால் காய்ச்சல்காரியாக இருந்தாள். ரோஸுக்கு முன்னால் இப்போதுதான் அழுது முடித்தவளாக இருந்தாள். எலுமிச்சை மஞ்சளின் கீழ் ஓரத்தில், முந்தின நாள் தவறிக் காவி சிந்தி ஊறிப்போயிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தபோது மட்டும், அவளுடைய ஒரு பக்கக் கன்னம் லேசாக எழுந்தது.

"அங்கன நிக்கட்டும்" என்றாள் இசக்கியம்மாள். "அந்தக் கன்னம். பாத்தியா தம்பி?"

ஆவுடையப்பன் பார்த்தான்.

அன்றைக்கும் மறுநாளும் தரையில் டப்பாக்களைப் பரப்பி உட்கார்ந்தார்கள். தங்கபுஷ்பம் கலக்கினாள், ஆவுடையப்பன் அடித்தான், கோமதி நின்றாள், இசக்கியம்மாள் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னும் மஞ்ச. செகப்பு ஒரு சொட்டு. கூடிப்போச்சு, கோவக்காரி மாதிரி இருக்கா. மஞ்ச விடு." கையளவு அடித்துச் சரியாக இருந்ததைச் சுவர் முழுக்க அடித்தபோது அது நாலு பக்கமும் எதிரொளித்து ரெண்டு மடங்கானது, பிள்ளை அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தாள். "சின்னதா அடிச்சுப் பாத்தா ஏமாத்திரும்ணே" என்று தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டு, வெள்ளையைக் கலந்து பாதியாகத் தணித்தாள். மறுபடி அடித்தார்கள். நீலம் வந்தது. வந்து சுவரில் பட்டது. பட்ட இடத்தில் நீலம் தன் பிடிவாதத்தை விட்டுவிட்டு மெத்தென்று ஆனது. கோமதியின் முகம், அப்போதுதான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளையின் முகமாக இருந்தது.

கைலாசம் பச்சைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"பனம்பழம்லா இது" என்றார் மைதீன். "சுட்ட பனம்பழம்."

தங்கபுஷ்பம் டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் வெயிலில் பிடித்தாள். எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள். அவ்வளவு அவலட்சணமான நிறத்தை அவள் கடையில் யாருமே கேட்டதில்லை. "இத இங்க எவனாச்சும் வீட்டுக்கு அடிச்சான்னா ஊரே கல்லெடுத்து எறியும்" என்று அவள் சொல்ல, ரெண்டு நாளாகப் பேசாமலிருந்த ரஹ்மத் பீவியும் கைலாசமும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

போட்டோ எடுத்து அனுப்பினார்கள். போனுக்குத் தன் இஷ்டம். அது பனம்பழத்தைப் பப்பாளியாக்கி அனுப்பியது. ஆகவே ஒரு கெட்டி அட்டையில் ரெண்டு கை அடித்து, காயவைத்து, கசங்காமல் பிளாஸ்டிக் உறையிட்டு, போஸ்ட்மேன் கைலாசமே தபாலாபீசுக்குப் போய், தன் கையால் முத்திரை குத்தி அனுப்பினார். லீவில் இருக்கிறவர் முத்திரை குத்தலாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

மார்கழி பிறந்தது. அட்டை போய்க்கொண்டிருந்தது. காலையில் விளக்கு வட்டம் எரிந்துகொண்டிருந்தது. கோமதியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆவுடையப்பன் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். ஒரு நாள் இசக்கியம்மாளும் வந்து உட்கார்ந்தாள்.

"இப்பவும் அவள வரச் சொல்லுன்னுதான் சொல்லுவியாக்கா" என்றான்.

"சொல்லல. வந்தா நல்ல முகத்தோட வரட்டும். இப்படி வந்தா அவ தோத்து வந்த மாதிரில்லா இருக்கும்" என்றாள் அவள். கை, தன்னையறியாமல், தம்பி பெண்டாட்டியின் தலையணையில் விழுந்த வெளிச்சத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

அட்டை போய்ச் சேர்ந்ததை செண்பகவல்லி சொன்னபோது அவள் குரலில் பழைய சுறுசுறுப்பில் கால்வாசி இருந்தது. கடைக்காரப் பையன் அட்டையை மெஷினில் காட்டி அதே நிறத்தைக் கலக்கித் தந்துவிட்டானாம். வீட்டுக்காரம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, இதையா அடிக்கப் போகிறாய் என்று ரெண்டு தரம் கேட்டாளாம். "ஆமா, எங்க தெருவே பாத்து முடிவு பண்ணினது" என்று இவள் சொன்னதும், அந்த அம்மா போய் ஏணியைக் கொண்டுவந்து, அடித்து முடிக்கிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம்.

அன்றைக்கு மூணு மணிக்கு ஆவுடையப்பன் லோடு ஏற்றிக்கொண்டு செங்கோட்டைப் பக்கம் போயிருந்தான். ரஹ்மத் பீவிதான் முதலில் பார்த்தாள். பூக்கூடையை எடுக்க உள்ளே போனவள் கூடையை எடுக்காமல் திரும்பி வந்தாள், எல்லோரையும் கூப்பிட்டாள். நீலம் எப்போதும்போல வந்தது. ஆனால் வழியில் எங்கோ, யாரோ ஒரு வீட்டில் உட்கார்ந்து, காப்பி குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வந்த மாதிரி வந்தது. அதற்குள் ஒரு சூடு இருந்தது. தரையில் விழுந்த வெளிச்சத்தில் முதல் தடவையாக ஆட்களுக்கு நிழல் விழுந்தது, பனம்பழச் சாயலில். பெண்கள் மறுபடியும் உள்ளே வந்து உட்கார்ந்து தலை பின்ன ஆரம்பித்தார்கள். இசக்கியம்மாள் வாசல்படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆவுடையப்பன் பின்னறைக் கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தான். விளக்கு வட்டம் இல்லை. இருட்டு. சீரான, முழுசான இருட்டு. மைதீன் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார். உதட்டில் விரல் வைத்தார்.

"அவ தூங்குதா" என்றார் கிசுகிசுப்பாக.

ஆவுடையப்பன் வெளியே வந்து ரஹ்மத் பீவியிடம் சொன்னான். ரஹ்மத் பீவி அடுப்பில் ஏற்றியிருந்த குக்கரை இறக்கி வைத்தாள். விசில் வந்தால்?

"அக்கா, வெளிச்சம்தான வருது, சத்தமா போகும்?" என்றான் அவன்.

"போகாதுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றாள் அவள்.

அவள் எதிர்வீட்டில் சொன்னாள். எதிர்வீடு அடுத்த வீட்டில் சொன்னது. பிள்ளையார் கோயிலில் மார்கழிப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தவர், குழாயை வயல் பக்கம் திருப்பி வைத்தார். அப்புறம் அதுவும் மனசு கேட்காமல் அணைத்துவிட்டு, சாமிக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாயால் பாடினார். தள்ளுவண்டிக் கீரைக்காரி தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வாசலாக நடந்து வந்து கையாலேயே கேட்டாள், வேணுமா என்று. பள்ளிக்கூட வேன் டிரைவர் ஹாரன் அடிக்கப் போன கையை எடுத்துக்கொண்டார். கோமதி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய் ஏறினாள். தங்கபுஷ்பம் கடையின் ஷட்டரைத் தூக்காமல் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறியது. எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறியது. கீழப் புதுத்தெரு, ஒரு கைக்குழந்தை உறங்குகிற வீடு மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பின்னறை வாசலில் ஆவுடையப்பனும் இசக்கியம்மாளும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, ஒன்றுமே தெரியாத அந்த இருட்டை, திருவிழா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணி சுமாருக்கு, அவள் வேலைக்குக் கிளம்ப எழுந்திருக்க வேண்டிய நேரத்துக்கு, தலைமாட்டில் விளக்கு வட்டம் விழுந்தது.

ரஹ்மத் பீவி போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தங்கபுஷ்பத்தின் ஷட்டர் கடகடவென்று மேலே போயிற்று. கோயில் குழாய் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. கீரைக்காரி அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த குரலை எல்லாம் சேர்த்து ஒரு கூவல் கூவினாள். எந்த வீட்டிலிருந்தோ ஒரு குடம் தவறி விழுந்து உருண்டது.

போன் அடித்தது.

"என்னங்க" என்றாள் செண்பகவல்லி. கொட்டாவி விட்டாள். "நல்லாத் தூங்கிட்டேன். கண்ண முழிச்சா செவுரு எல்லாம் என்னையப் பாத்துக்கிட்டு இருக்கு. அங்க என்ன, அவ்வளவு சத்தம்?"

ஆவுடையப்பன் போனை வாசல் பக்கமாகக் கொஞ்ச நேரம் நீட்டிப் பிடித்துவிட்டு, மறுபடி காதில் வைத்தான்.

"ஒண்ணுமில்ல செண்பா" என்றான். "இப்பத்தான் தெரு எந்திரிக்குது."